சிப் தயார், வேலை எங்கே?

ஏஐ கணக்குகளுக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட சிப்புகளுக்கு இன்று பஞ்சமில்லை. யுஎஸ்பி துளையில் செருகும் சின்னக் குச்சி தொடங்கி, சிப்புகளை வெட்டியெடுக்கும் முழு சிலிக்கான் தட்டையே (வேஃபர்) ஒற்றைச் சிப்பாக்கிய செரிப்ராஸ் இயந்திரம் வரை எத்தனையோ வடிவங்கள். பொறியியல் என்று பார்த்தால் இவற்றில் பல அபாரமான படைப்புகள். இருந்தும் வெளிவந்து நாலைந்து ஆண்டுகளுக்குள் பலவற்றின் பேச்சே அடங்கிவிடுகிறது. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், வேகம் போதவில்லை என்ற பதில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். இதை வைத்து எந்த வேலையைச் செய்வது என்பது கடைசிவரை தெளிவாகாமல் போயிருக்கும். அதைக் கண்டுபிடித்துத் தரும் அளவுக்கு டெவலப்பர்களும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள்.

இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. வேலை தெரிந்தால் டெவலப்பர் வருவார். டெவலப்பர் வந்து நோண்டிப் பார்த்தால்தான் வேலை தெரியவரும். இந்த முடிச்சு அவிழ்ந்த இடங்களையும் அவிழாமலே போன இடங்களையும் பார்த்தால், தயாரிப்பாளர்கள் பொதுவாக எதில் தவறுகிறார்கள் என்பது புரியும்.

கூகுளின் கோரல் யுஎஸ்பி ஆக்சிலரேட்டர் 2019-இல் வந்தது. உள்ளே இருந்தது எட்ஜ் டிபியு என்ற சிப். நொடிக்கு 4 லட்சம் கோடி கணக்குகள், அதற்கு ஏறக்குறைய 2 வாட் மின்சாரம். ரோபோ, குரல் அறிதல், இயந்திரப் பழுதை முன்கூட்டிச் சொல்லுதல் என்று பல பயன்கள் பேசப்பட்டன. ஆனால் சாதாரண ஆர்வலர்களிடம் அதைப் பெரிய அளவில் கொண்டுபோய்ச் சேர்த்தது ஃப்ரிகேட் என்ற ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்தான். கண்காணிப்புக் கேமராக்கள் தரும் படத்தை வெளியே எந்த சர்வருக்கும் அனுப்பாமல், வீட்டில் உள்ள ஒரு சிறு கணினியிலேயே அலசி, வந்தது ஆளா, காரா, நாயா என்று சொல்லும் மென்பொருள் அது.

இந்தப் பொருத்தம் ஏன் இவ்வளவு கச்சிதமாக அமைந்தது என்று கவனிக்க வேண்டும். எட்ஜ் டிபியுவில் பல குறைகள் உண்டு. சிப்புக்குள் இருக்கும் நினைவகம் வெறும் 8 எம்பி. 8 பிட் முழு எண்களாகச் சுருக்கிய, கூகுளின் டென்சர்ஃப்ளோ லைட் வடிவ மாடல்கள் (பயிற்சி பெற்ற ஏஐ வலைப்பின்னல்கள்) மட்டுமே அதில் ஓடும். பெரிய மாடல் எதையும் அதில் ஏற்ற முடியாது. ஆனால் பொருளைக் கண்டறியும் மொபைல்நெட் வகை மாடல் அந்த 8 எம்பிக்குள் அடங்கிவிடும். 8 பிட்டாகச் சுருக்கினாலும் அதன் துல்லியம் பெரிதாகக் குறையாது. ஒரு படத்துக்குச் சுமார் 10 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 100 படங்கள். அசைவு தெரிந்த படங்களை மட்டும் அனுப்பினால் பல கேமராக்களுக்கு அதுவே போதும். அப்புறம், இது இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டிய வேலை. அங்கே 2 வாட் என்பது பெரிய வரம். சிப்பின் குறைகள் எதுவும் உறுத்தாத, அதன் ஒரே பலம் முழுதாகப் பயன்படுகிற ஒரு வேலை கிடைத்துவிட்டது.

ஒரு சிறப்புச் சிப்புக்குப் பயன் தேடுகிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தச் சிப் எதில் சிறந்தது என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. அதன் எந்தக் குறை எந்த வேலையில் குறையாகவே தெரியாது என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் வேலையைக் காட்டிக்கொடுக்கும்.

விளம்பரங்களில் முன்னால் நிற்கும் எண்ணோ வேறு. அதை டாப்ஸ் என்பார்கள்: நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு. 4, 13, 26, 40 என்று எண் ஏற ஏற சிப் சிறந்தது என்ற எண்ணம் வந்துவிடும். ஆனால் இன்று எல்லாரும் ஓட்டிப் பார்க்க விரும்பும் மொழி மாடல்களுக்கு (சாட்ஜிபிடி போல எழுத்தில் பதில் தருபவை) இந்த எண் பெரும்பாலும் பொருந்துவதில்லை. மாடல் ஒவ்வொரு டோக்கனை (சொல் அல்லது சொல்லின் துண்டு) எழுதும்போதும் அதன் எல்லா எடைகளையும் (பயிற்சியில் கற்ற எண்கள்) நினைவகத்திலிருந்து ஒரு தடவை படித்தாக வேண்டும். 700 கோடி எடைகள் கொண்ட மாடலை 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறக்குறைய 4 ஜிபி. நினைவகம் நொடிக்கு 100 ஜிபி தருமென்றால் நொடிக்கு அதிகபட்சம் 25 டோக்கன். கணக்குப் போடும் பகுதி 40 டாப்ஸாக இருந்தாலும் 400 டாப்ஸாக இருந்தாலும் இந்த 25 மாறாது. கணக்குப் பகுதி பெரும்பாலான நேரம் தரவு வருவதற்காகக் காத்துக்கிடக்கும்.

இது புரிந்தால், ஆர்வலர்கள் ஏன் எங்கோ ஒதுங்கிக் கிடந்த பழைய ஜிபியு (படச் செயலி) கார்டுகளைத் தேடிப் போனார்கள் என்பதும் புரியும். 2023 மார்ச்சில் லாமா.சிபிபி என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம் வந்தது. சாதாரணக் கணினியிலும் மொழி மாடல் ஓடும் என்று காட்டிய திட்டம். அதன் பிறகு 2016-இல் வந்த என்விடியா டெஸ்லா பி40 கார்டுக்குப் புதுவாழ்வு வந்தது. டேட்டா சென்டர்களுக்காகச் செய்த கார்டு அது. மானிட்டர் இணைக்க வழியில்லை. அதற்கென்று விசிறியும் இல்லை, சர்வர் பெட்டியின் காற்றோட்டத்தை நம்பி வடிவமைத்தது. ஆனால் 24 ஜிபி நினைவகம் இருந்தது. விசிறியைத் தாங்களே பொருத்திக்கொண்டு வீட்டுக் கணினிகளில் அதை ஓட்டியவர்கள் ஏராளம். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளுக்கும் இதே போல ஒரு வாய்ப்பு அடித்தது. சிபியுவும் (கணினியின் முதன்மைச் செயலி) ஜிபியுவும் பங்கிட்டுக்கொள்ளும் பெரிய நினைவகம், எம்1 மேக்ஸில் நொடிக்கு 400 ஜிபி வேகத்தோடு, வேறு காரணங்களுக்காக வைக்கப்பட்டிருந்தது. மொழி மாடல்கள் வந்ததும் அதுவே அந்தக் கணினிகளை வாங்கக் காரணமாகிவிட்டது. இரண்டு இடத்திலும் பயனைக் கண்டுபிடித்தவர்கள் தயாரிப்பாளர்கள் அல்லர்.

வடிவமைத்த வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று என்பது இந்தத் துறையில் பழைய கதை. 1983-இல் தொடங்கிய திங்கிங் மெஷின்ஸ் நிறுவனம் கனெக்‌ஷன் மெஷின் என்ற கணினியைச் செயற்கை நுண்ணறிவுக்காகவே உருவாக்கியது. முதல் மாடலில் 65,536 குட்டிச் செயலிகள். ஒவ்வொன்றும் ஒரு பிட் கணக்கு மட்டும் போடும். தசம எண் கணக்குக்குத் தனி வன்பொருள் கிடையாது. அறிவைக் குறியீடுகளாக அலசும் அன்றைய ஏஐக்கு அது தேவைப்படாது என்ற எண்ணம். ஆனால் நடைமுறையில் அதை நாடி வந்தவர்களில் பலர் இயற்பியல் கணக்குப் போடும் விஞ்ஞானிகள். அடுத்த மாடலான சிஎம்-2-இல் தசம எண் கணக்குக்கான சிப்புகளைச் சேர்த்தார்கள், விஞ்ஞானிகள் பயன்படுத்தும் ஃபோர்ட்ரான் நிரல்மொழியும் வந்தது. 1993 ஜூனில் உலகின் 500 வேகமான கணினிகளின் முதல் பட்டியல் வெளியானபோது முதலிடத்தில் இருந்தது லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் சிஎம்-5. மறு ஆண்டே நிறுவனம் திவாலானது. பயனை மாற்றிக்கொள்ளத் தெரிந்திருந்தது. ஆனால் அரசு ஆய்வகங்களைத் தாண்டி ஒரு பெரிய டெவலப்பர் கூட்டம் அதற்கு உருவாகவே இல்லை. மேசையில் வைத்துப் பழகிப் பார்க்கிற விலையிலோ அளவிலோ அந்த இயந்திரம் இருந்ததில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்தது கூடா (CUDA) கதை. ஜிபியுவில் பொதுவான கணக்குகளுக்கும் நிரல் எழுத வழிசெய்யும் மென்பொருள் தளம் அது. 2007-இல் என்விடியா இதை வெளியிட்டபோது ஏஐ என்ற எண்ணம் முன்னணியில் இல்லை. மூலக்கூறு உருவகம், எண்ணெய் தேடும் நில அதிர்வுக் கணக்கு, மருத்துவப் படங்கள் என்று சிதறிய சிறு சிறு பயன்கள்தாம். ஆனால் ஒரு முடிவை அந்த நிறுவனம் எடுத்திருந்தது: விளையாட்டுக்காக விற்கிற சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டிலும் கூடா ஓடும். ஒரு மாணவர் விளையாட்டுக்காக வாங்கிய கார்டிலேயே நிரல் எழுதிப் பழகலாம். என்ன பயன் என்று தெரியாமலே பல ஆண்டுகள் அந்தச் செலவை நிறுவனம் சுமந்தது. 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகியோரின் அலெக்ஸ்நெட் பயிற்சி பெற்றது இரண்டு ஜிடிஎக்ஸ் 580 விளையாட்டுக் கார்டுகளில். தலா 3 ஜிபி நினைவகம், பயிற்சிக்கு ஐந்தாறு நாள். படங்களை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் அடுத்த அணியின் பிழை 26 விழுக்காட்டுக்கு மேல் இருக்க, இவர்களுடையது 15.3. ஏஐக்கான நரம்பு வலைப்பின்னல் லைப்ரரியான கூடிஎன்என் இதற்குப் பிறகு 2014-இல்தான் வந்தது. பயனைக் கண்டுபிடித்தவர் வெளியே இருந்த டெவலப்பர். தயாரிப்பாளர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

சரி, இன்றைய புதுச் சிப்புகள் கதவைத் திறந்து வைத்தால் போதாதா? போதாது. கதவுக்குப் பின்னால் கம்பைலர் என்ற இன்னொரு தடை இருக்கிறது. மாடலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் அது. ஒரு மாடல் என்பது நூற்றுக்கணக்கான செயல்களின் சங்கிலி. அதில் ஒவ்வொரு செயலையும் சிப்பின் கம்பைலர் புரிந்துகொள்ள வேண்டும். எட்ஜ் டிபியு கம்பைலர், தனக்குத் தெரியாத ஒரு செயலைச் சந்தித்தால், அதையும் அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் சிபியுவிடம் தள்ளிவிடும். சங்கிலியின் மூன்றாம் கண்ணியில் தெரியாத செயல் வந்தால் சிப் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். 2017-இல், இன்றைய மொழி மாடல்களுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவம் வந்தபோது நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். படங்களுக்கான கன்வல்யூஷன் கணக்கை மனதில் வைத்து வடிவமைத்த சிப்புகள், அதிலுள்ள சாஃப்ட்மேக்ஸ் என்ற கணக்கையும், ஓட ஓட நீளம் மாறும் உள்ளீடுகளையும் கண்டு திணறின. ஒரு சிப்பை வடிவமைத்துக் கைக்குக் கொண்டுவர இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் மாடல்கள் மாறிவிடும்.

டெவலப்பர் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். சிப்பின் விலை அவருக்குச் சின்னச் செலவு. பெரிய செலவு அவருடைய மாதங்கள். புதிய எஸ்டிகே (சிப்புக்கு நிரல் எழுதும் கருவித்தொகுப்பு) படிக்க வேண்டும், மாடலை மாற்ற வேண்டும், ஏன் துல்லியம் குறைந்தது என்று தேட வேண்டும், ஆவணத்தில் இல்லாத பிழைச் செய்தியோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்ட வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு அந்தச் சிப்பே நிறுத்தப்பட்டால்? இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. இன்டெல் 2016-இல் வாங்கிய நெர்வானா என்ற ஏஐ நிறுவனத்தின் சிப் திட்டம், 2019 இறுதியில் இன்னொரு ஏஐ சிப் நிறுவனமான ஹபானாவை வாங்கியதும் கைவிடப்பட்டது. இன்டெலின் யுஎஸ்பி ஏஐ குச்சியான மொவிடியஸின் இரண்டாம் தலைமுறை 2018-இல் வந்து 2022-இல் நிறுத்தப்பட்டது. அதை ஆதரித்த, இன்டெலின் ஓப்பன்வினோ மென்பொருளின் கடைசித் தொடர் 2022.3. கோரலுக்கே அதிகாரப்பூர்வ பைத்தான் தொகுப்பு 3.9 பதிப்போடு நின்றுவிட்டது, கார்டு வடிவக் கோரல்களின் டிரைவரை (சிப்பை இயக்கும் மென்பொருள்) புதிய லினக்ஸ் கர்னல்களில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓட வைக்க ஆர்வலர்களே ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஃப்ரிகேட் திட்டமே இப்போது புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கோரலைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அதற்கு அவ்வளவு நல்ல வேலை கிடைத்திருந்தும் இந்த நிலை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

அதே மொவிடியஸ் குடும்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020 செப்டம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஃபை-சாட்-1 விண்ணில் ஏறியது. அதில் இருந்தது மிரியட் 2 சிப். பூமியின் மேற்பரப்பில் எந்த நேரமும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மேகம் மூடியிருக்கும். செயற்கைக்கோள் எடுக்கும் படங்களில் பெரும்பகுதி வெறும் மேகம். அதைக் கீழே அனுப்புவது வீண், ஏனென்றால் தரைக்கு அனுப்பும் அலைவரிசையும் மின்சாரமும் மிகக் குறைவு. மேலேயே ஒரு சிறு மாடலை ஓட்டி மேகப் படங்களைக் கழித்துவிட்டால், பயனுள்ளவை மட்டும் இறங்கும். மேசைமேல் வைத்தால் சாதாரண ஜிபியுவின் முன்னால் எடுபடாத சிப், ஓரிரு வாட்டுக்கு மேல் கொடுக்க முடியாத அந்த இடத்தில் ஈடில்லாதது ஆனது. சிறப்புச் சிப்புகளுக்கான வேலைகள் இப்படிப்பட்ட நெருக்கடியான இடங்களில்தான் அதிகம் இருக்கின்றன: மின்சாரம் குறைவு, இணைப்பு இல்லை, பதில் உடனே வேண்டும், அல்லது தரவு வெளியே போகவே கூடாது. இதில் ஒன்றாவது கடுமையாக இல்லாத இடத்தில் ஜிபியுவோடு போட்டி போடுவது வீண் முயற்சி.

பெரிய சிப்புகளின் பக்கத்தில் வேறொரு வழி தெரிய ஆரம்பித்திருக்கிறது. கிராக் (Groq) நிறுவனத்தின் சிப்பில் வெளி நினைவகமே கிடையாது. உள்ளே இருப்பது 230 எம்பி எஸ்ரேம் என்ற அதிவேக நினைவகம். வேகம் மிக அதிகம், ஆனால் ஒரு பெரிய மாடலை வைக்க நூற்றுக்கணக்கான சிப் வேண்டும். இதைக் கார்டாக விற்றால் ஒரு தனி டெவலப்பர் வாங்கி ஒன்றும் செய்ய முடியாது. 2024 பிப்ரவரியில் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கும் ஒரு அரட்டைப் பக்கம் பரவலாகப் பேசப்பட்டது. பதில் நொடிக்கு நூற்றுக்கணக்கான டோக்கன் வேகத்தில் கொட்டியதைப் பார்த்துத்தான் மக்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஏபிஐ சேவை, அதாவது டெவலப்பரின் நிரல் இணையம் வழியே அந்த மாடல்களைக் கூப்பிடும் வசதி. ஏற்கெனவே எழுதிய நிரலில் முகவரியையும் சாவியையும் மாற்றினால் போதும். செரிப்ராஸும் அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தப் பாதைக்கு வந்தது. அதற்கு முன் அதன் இயந்திரம் ஆய்வகங்களில் திரவ இயக்கக் கணக்கு, நில அதிர்வுக் கணக்கு என்று கனெக்‌ஷன் மெஷின் போன வழியிலேயே வேலை தேடிக்கொண்டிருந்தது. கம்பைலர் சிக்கலை நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, டெவலப்பருக்குப் பயனை மட்டும் காட்டுவது புத்திசாலித்தனம். ஆனால் இதில் ஒன்றை இழக்கிறோம். வெளியாள் எதிர்பாராத பயனைக் கண்டுபிடிப்பது, அதாவது அலெக்ஸ்நெட் மாதிரியான ஒன்று, ஏபிஐ வழியாக நடக்காது. அங்கே கிடைப்பது ஏற்கெனவே தீர்மானித்த மாடல்கள் மட்டுமே.

மடிக்கணினிகளில் வரும் என்பியுக்கள் (ஏஐ கணக்குக்கான தனிச் செயலிகள்) இன்னும் விசித்திரமான நிலையில் இருக்கின்றன. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு 40 டாப்ஸ் என்ற தகுதியை வைத்தது. அதனால் வன்பொருள் தானாகவே பல கைகளுக்குப் போய்ச் சேர்கிறது. கூடாவுக்கு ஜிஃபோர்ஸ் செய்த உதவி இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் தனி டெவலப்பர்கள் இவற்றுக்கென எழுதும் நிரல் குறைவு. குவால்காமுக்கு ஒரு கருவித்தொகுப்பு, இன்டெலுக்கு ஒன்று, ஏஎம்டிக்கு ஒன்று. மொழி மாடல் எழுதும் வேகத்திலும் பெரிய லாபம் இல்லை, காரணம் என்பியுவும் சிபியுவும் ஒரே நினைவகத்தைத்தான் பகிர்கின்றன. முன்னால் போட்ட 25 டோக்கன் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். என்பியுவின் உண்மையான பலம் பேட்டரி. வீடியோ அழைப்பில் பின்னணியை மங்கலாக்குவது, பேச்சை ஓட ஓட எழுத்தாக்குவது, சத்தத்தை வடிகட்டுவது என்று மணிக்கணக்கில் பின்னால் ஓடும் சின்ன வேலைகள்தாம் அதற்கு ஏற்றவை. என்பியுவை மொழி மாடலுக்கான இயந்திரமாக விற்பதைவிட, இந்த வேலைகளுக்கு எளிய லைப்ரரிகளைக் கொடுத்தாலே டெவலப்பர்கள் அதிகம் வருவார்கள் என்பது என் கணிப்பு.

வருகிறவர்களைத் தக்கவைப்பது அடுத்த பிரச்சினை. டென்ஸ்டொரன்ட் என்ற ஏஐ சிப் நிறுவனத்தினுடையது இதில் கவனிக்கத்தக்க முயற்சி: தனிநபரும் வாங்கக்கூடிய கார்டுகள், சிப்பின் அடிமட்டம் வரை தொடும் மென்பொருள் ஓப்பன் சோர்ஸாக, மாடல்களை ஓட வைத்துக் காட்டுகிறவர்களுக்குப் பரிசுத் தொகை. சந்தையில் இது எவ்வளவு பெரிதாகும் என்பது வேறு கேள்வி; ஆனால் டெவலப்பர் போடும் மாதங்களுக்கு ஒரு காப்பீடு இதில் இருக்கிறது. நிறுவனம் திசை மாறினாலும் நிரல் கையில் இருக்கும். பல நிறுவனங்கள் டிரைவரை மூடிய கோப்பாகக் கொடுத்துவிட்டு, டெவலப்பர் ஆர்வம் இல்லையே என்று கவலைப்படுகின்றன. மூடிய டிரைவர் என்பது ஒரு குறிப்பிட்ட கர்னல் பதிப்போடு சிப்பின் ஆயுளைக் கட்டிப்போடுவது. அனுபவசாலி டெவலப்பர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

லினக்ஸ் சமூகம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. 2023-இல் வந்த 6.2 கர்னலில் ஏஐ சிப்புகளுக்கென்று அக்செல் என்ற தனிப் பிரிவு சேர்ந்தது. அதில் ஒரு டிரைவர் இடம்பெற வேண்டுமானால், அதைப் பயன்படுத்தும் மேல்மட்ட மென்பொருளும் ஓப்பன் சோர்ஸாக இருக்க வேண்டும். இதன் பலன் ஒன்றை ராக்சிப்பின் ஆர்கே3588-இல் பார்க்கலாம். சின்னச் சின்ன ஒற்றைப் பலகைக் கணினிகளில் பரவலாக இருக்கும் அந்தச் சிப்புக்குள் 6 டாப்ஸ் என்பியு உண்டு. பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்த நிறுவனத்தின் பழைய கர்னலும் மூடிய லைப்ரரியும் தேவைப்பட்டன. வெளியே இருந்த டெவலப்பர்கள் அதன் இயக்கத்தைத் தலைகீழாக அலசி எழுதிய ராக்கெட் என்ற டிரைவர், 2025 இறுதியில் வந்த 6.18 கர்னலில் அதிகாரப்பூர்வமாக நுழைந்தது. மேல்மட்டப் பகுதி மெசா என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் இருக்கிறது. இப்போதைக்கு அதில் நன்றாக ஓடுவது மொபைல்நெட் போன்ற சிறிய படமாடல்கள். கேமராக் காட்சியில் ஆளையும் காரையும் பிரித்துச் சொல்ல அதுவே தாராளம். தயாரிப்பாளர் நாளையே அந்தச் சிப்பை மறந்தாலும், அந்தப் பலகையில் அடுத்த கர்னலை நிறுவிக்கொண்டு வேலையைத் தொடரலாம்.